கதைமாந்தரைச் சிக்கலில் நிறுத்தும் கலை

சிறுகதை எழுத முற்படுவோருக்குத் தொடக்கமாகத் தரப்படும் ஒரு வரி, ஒரு சூழல், ஒரு பொருள், ஒரு கேள்வி அல்லது ஒரு தடை கதைத் தூண்டல் எனப்படும். எழுத்துப் பட்டறைகளிலும் இதழ்கள் நடத்தும் போட்டிகளிலும் பல வடிவங்களில் வழங்கும் இந்தப் பயிற்சி தமிழ் வழியில் படித்த எவருக்கும் புதியதன்று. மரமோ நாணயமோ தன் வரலாறு கூறுவதாக எழுதச் சொல்வதும், குறிப்புகளைத் தந்து கதையாக விரிக்கச் சொல்வதும், காட்சியைக் காட்டிக் கவிதை எழுதச் சொல்வதும் பள்ளிப் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வரும் தூண்டல்களே. எனினும், ஒரே தூண்டல் ஒருவர் கையில் கதையாகவும் மற்றொருவர் கையில் நீதி சொல்லும் கட்டுரையாகவும் முடிவது ஏன் என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. அதற்கான விடை எழுதுவோரின் திறமையில் மட்டுமின்றித் தூண்டலின் அமைப்பிலும் இருக்கிறது. நல்ல தூண்டல், எழுதுவதற்கு ஒரு தலைப்பைத் தருவதோடு நின்றுவிடாமல், ஏதோ ஒன்றை வேண்டி நிற்கும் ஒரு மனிதரை, அந்த வேட்கைக்குக் குறுக்கே ஏதோ ஒன்று நிற்கும் வேளையில், எழுதுபவரின் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

தலைப்பிலிருந்து ஆளுக்கு

இலக்கிய வரலாற்றில் மிகவும் பெயர்பெற்ற தூண்டல், 1816ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெனீவா ஏரிக்கரையிலிருந்த வில்லா டியோடாட்டி என்னும் மாளிகையில் தரப்பட்டது. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் வான்வெளியில் பரவிய தூசும் கந்தக நுண்துகளும் ஐரோப்பாவின் கோடையையே குலைத்திருந்த காலம் அது. விடாமல் பெய்த மழையால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நண்பர்கள் பேய்க்கதைகளைப் படித்துப் பொழுது போக்கியபோது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று கவிஞர் பைரன் முன்மொழிந்தார். அப்போது பதினெட்டு வயதே ஆகியிருந்த மேரி, பிற்காலத்தில் மேரி ஷெல்லி எனப் புகழ்பெற்றவர், பல நாள் முயன்றும் கதை எதுவும் தோன்றாமல் தவித்ததாக, 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலின் 1831ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்.

அந்தத் தவிப்பு எவ்வாறு நீங்கியது என்பதில்தான் தூண்டல் பற்றிய முதல் பாடம் அடங்கியிருக்கிறது. பைரன் கொடுத்தது 'பேய்க்கதை' என்ற ஒரு வகைமையின் பெயர் மட்டுமே. அதில் ஆளும் இல்லை, ஆசையும் இல்லை. உயிரின் தோற்றம் பற்றிய உரையாடல்களைக் கேட்டிருந்த மேரியின் மனத்தில், தானே உருவாக்கிய உயிரைக் கண்டு தானே அஞ்சி நடுங்கும் ஓர் இளம் மாணவனின் உருவம் தோன்றிய பிறகே கதை நகரத் தொடங்கியது. தான் அடைய விரும்பியதை அடைந்துவிட்ட அதே நொடியில் அதை வேண்டாம் என்று வெறுக்கும் மனிதன் அவன். அவன் அடுத்து என்ன செய்வான் என்ற கேள்வியை எழுப்பாமல் அவனை நினைக்கவே முடியாது. 1818இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட நீண்ட விடை. தலைப்பு எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது. சிக்கலில் நிற்கும் ஆளை மேரி தாமே கண்டெடுக்க வேண்டியிருந்தது.

சங்கப் பாடல்களின் துறையும் கதைத் தூண்டலும்

கற்பனை மாந்தரை ஒரு குறிப்பிட்ட சூழலில் நிறுத்திப் பேச வைக்கும் முறையைத் தமிழ் அகப்பாடல் மரபு மிகப் பழங்காலத்திலேயே இலக்கணமாக வகுத்துக்கொண்டது. அகப்பாடல்களில் வரும் தலைவி, தலைவன், தோழி, செவிலி, நற்றாய், பரத்தை முதலியோர் எவருடைய இயற்பெயரும் சுட்டப்படாத கற்பனை மாந்தர். ஒவ்வொரு பாடலும் அவர்களுள் ஒருவரின் கூற்றாகவே அமைகிறது. அந்தக் கூற்று எழும் சூழலைக் குறிப்பது துறை. பொருள் தேடிச் சென்ற தலைவன் சொன்ன பருவத்தில் திரும்பாதபோது, ஆறுதல் கூற வந்த தோழியிடம் தலைவி சொல்வது என்பது போன்ற குறிப்புகள் குறுந்தொகை, நற்றிணை போன்ற தொகைநூல்களில் பாடலோடு சேர்த்து வழங்குகின்றன. அக்குறிப்புகள் பாடல்களுக்குப் பிற்பட்ட காலத்தில் எழுதப்பட்டவை என்பது அறிஞர் கருத்து. எனினும், அவற்றைத் தனியே எடுத்துப் படிப்பவருக்கு, ஒவ்வொன்றும் இன்றைய சிறுகதைக்கும் பொருந்தக்கூடிய தூண்டலாகவே தோன்றும்.

தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளுக்குரிய உறுப்புகள் முப்பத்து நான்கு எனக் கூறுகிறது. அவற்றுள் எழுத்து, அசை, சீர், அடி முதலியவை ஓசையைச் சார்ந்தவை. வேறு சில, கதைமாந்தரின் நிலையைச் சார்ந்தவை. பேசுபவர் யார் என்பதைக் கூற்று என்றும், கேட்பவர் யார் என்பதைக் கேட்போர் என்றும், நிகழும் இடத்தைக் களன் என்றும், பொழுதைக் காலம் என்றும், அந்தப் பேச்சால் விளைவதைப் பயன் என்றும், உடலில் வெளிப்படும் உணர்ச்சியை மெய்ப்பாடு என்றும், சொல்லாமல் விடப்பட்டுக் கேட்பவரால் நிரப்பப்படுவதை எச்சம் என்றும் அந்நூல் பிரித்துக் காட்டுகிறது. கதை எழுத அமர்பவர் இந்த ஏழையும் கேள்விகளாக மாற்றிக்கொண்டு, தம் மாந்தர் யார், அவர் யாரிடம் பேசுகிறார், எங்கே, எப்போது, எதை எதிர்பார்த்து, எந்த உணர்ச்சியோடு, எதை மறைத்து எனத் தமக்குத் தாமே விடை சொல்லிப் பார்த்தால், வெறும் தலைப்பாக இருந்தது சூழலாக மாறிவிடும். இவற்றுள் முதன்மையானது கேட்போர் பற்றிய கேள்வி. ஒரே துயரத்தைத் தாயிடம் சொல்லும்போது ஒரு விதமாகவும், தோழியிடம் வேறு விதமாகவும், வழிப்போக்கரிடம் மற்றொரு விதமாகவும் சொல்வது மனித இயல்பு. அந்த வேறுபாட்டைக் கவனிக்கும் எழுத்தில் மட்டுமே கதைமாந்தருக்கு உயிர் வருகிறது.

ஒரு முடிவை மாற்றிப் பார்த்தல்

தமிழ்ப் புனைகதையில் தூண்டலின் ஆற்றலை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் சான்று ஜெயகாந்தனின் எழுத்தில் கிடைக்கிறது. 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழைநாள் ஒன்றில் அறிமுகமற்ற ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி, நேர்ந்ததை வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். முதலில் பதறும் தாய், பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்று தேற்றி, இதை எவரிடமும் சொல்லக் கூடாது என்று காத்துக்கொள்கிறாள். இந்தக் கதை வாசகரிடையே கடுமையான எதிர்ப்பையும் ஆழ்ந்த ஆதரவையும் ஒருங்கே எழுப்பியது.

அந்த எதிர்வினைக்கு ஜெயகாந்தன் அளித்த விடை, ஒரு தூண்டலாகவே அமைந்தது. தாய் அவ்வாறு காத்துக்கொள்ளாமல், ஊரறியக் கதறியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அந்த ஒற்றை மாற்றத்திலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்தது. அண்ணனால் வீட்டை விட்டு விரட்டப்பட்டு, மாமாவின் தயவில் படித்து, உயர் பதவியில் அமர்ந்தும் ஊரார் ஒட்டிய பெயரோடு வாழும் கங்கா, பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மனிதனையே தேடிச் செல்கிறாள். அந்நாவலுக்கு 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டியது, மாற்றப்பட்டது நிகழ்ச்சி அன்று, அதை எதிர்கொண்ட ஒருவரின் முடிவு என்பதே. மழையும் காரும் அந்த மனிதனும் அப்படியே இருக்க, தாயின் வாயிலிருந்து வெளிப்பட்ட ஒரு கதறல் மட்டும் முழு வாழ்க்கையையும் வேறு திசையில் செலுத்திவிடுகிறது. தாம் ஏற்கெனவே எழுதிய கதையையோ, குடும்பத்தில் சொல்லப்படும் பழைய நிகழ்ச்சியையோ எடுத்துக்கொண்டு, அதில் ஒருவர் எடுத்த ஒரே ஒரு முடிவை மாற்றி எழுதிப் பார்ப்பது, புதிய எழுத்தாளருக்கு மிகுந்த பலன் தரும் பயிற்சியாகும்.

சொல்பவரை மாற்றுதல்

அடுத்த வகைத் தூண்டல், நிகழ்ச்சியை அப்படியே வைத்துக்கொண்டு அதைச் சொல்லும் குரலை மாற்றுவது. ரவீந்திரநாத் தாகூர் 1884இல் எழுதிய வங்கச் சிறுகதை ஒன்றில், ஆற்றின் படித்துறை தன் மீது நடந்து சென்ற ஒரு பெண்ணின் வாழ்வைச் சொல்கிறது. அந்த உத்தியின் தாக்கத்தோடு வ.வே.சு. ஐயர் எழுதி 1915இல் வெளிவந்த 'குளத்தங்கரை அரசமரம்' கதையில், ருக்மிணி என்னும் பெண்ணின் துயரை மரம் சொல்கிறது. பார்க்கவும் கேட்கவும் முடிந்தாலும் தடுக்கவோ காப்பாற்றவோ முடியாத ஒன்றைச் சாட்சியாக அமர்த்தியதால், கதையின் துயரம் இரட்டிப்பாகிறது. பள்ளியில் மரத்தின் தன்வரலாற்றை எழுதும் மாணவர், மரத்தின் பயன்களைப் பட்டியலிட்டு முடிப்பதற்கும் ஐயரின் கதைக்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகும். மரம் தன்னைப் பற்றிப் பேசும்போது கட்டுரை கிடைக்கிறது. தன் நிழலில் அமர்ந்த ஒருவரைப் பற்றிப் பேசும்போது கதை கிடைக்கிறது.

அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஹென்றி ஜேம்ஸ், 1895 ஜனவரியில் காண்டர்பரிப் பேராயர் தம்மிடம் சொன்ன ஒரு துணுக்கைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். இறந்துபோன தீய பணியாட்களின் ஆவிகள் இரண்டு குழந்தைகளைத் தொடர்கின்றன என்பதே அந்தத் துணுக்கின் சாரம். 1898இல் 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' எனக் குறுநாவலாக அதை விரித்தபோது, குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட இளம் ஆசிரியையையே கதைசொல்லியாக்கினார். ஆவிகள் உண்மையிலேயே வந்தனவா, அவள் மனம் கற்பித்தனவா என்ற ஐயம் அந்தத் தேர்விலிருந்துதான் விளைந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ இன்னும் ஒரு படி மேலே சென்று, பாரிஸ் பேருந்தில் நிகழ்ந்த மிகச் சாதாரணமான ஒரு சச்சரவை 99 விதமாக எழுதி 1947இல் நூலாக்கினார். தம் கதை நகரவில்லை என்று வருந்துபவர், கதையைத் திருத்துவதற்கு முன் அதை வேறொருவர் வாயால் சொல்லிப் பார்ப்பது நல்லது.

பொருள், மௌனம், பொருந்தாமை

சிறு பொருளிலிருந்தும் கதைமாந்தரைச் சென்றடைய முடியும். ஆன்டன் செகாவ் மேசை மேலிருந்த சாம்பல் கிண்ணத்தைக் காட்டி, வேண்டுமானால் நாளையே இதைப் பற்றி ஒரு கதை எழுதித் தர முடியும் என்று சொன்னதாக அவருடைய நண்பரான எழுத்தாளர் கொரலென்கோ நினைவுகூர்ந்திருக்கிறார். கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில், ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் ஏறி ஆடி விளையாடும் கதவு, தீர்வை பாக்கிக்காகக் கழற்றி எடுத்துச் செல்லப்படுகிறது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பாகவும் அரசுக்குப் பறிமுதல் பொருளாகவும் குழந்தைகளுக்கு விளையாட்டுத் துணையாகவும் ஒரே கதவு மூன்று உறவுகளில் நிற்பதால்தான் அது கதைப்பொருளாகிறது. ஆகவே பொருளைத் தூண்டலாகக் கொள்பவர், அதன் தோற்றத்தை வருணிப்பதற்கு முன்பு, அதை விட்டுக்கொடுக்க முடியாதவர் யார், அதை எடுத்துச் செல்ல உரிமையுள்ளவர் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய கதைகளில் பேசாமல் நிற்கும் மாந்தரும் வளமான தூண்டல்களே. சாபம் நீங்கி எழுந்த அகலிகையின் கதையை இராமாயணம் அந்த இடத்தோடு விட்டுவிட்டுத் தன் வழியே செல்கிறது. அதற்குப் பிறகு அவளும் கௌதமரும் எவ்வாறு ஒரே வீட்டில் வாழ்ந்தனர் என்ற கேள்வியிலிருந்து புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' கதையை எழுதினார். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று சீதையின் வாயாலேயே கேட்கும் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ், 'ஜேன் ஐர்' நாவலில் மாடியறையில் பூட்டப்பட்டிருக்கும், கதைத் தலைவனின் மனைவியின் இளமைக் காலத்தைக் கற்பனை செய்து, 'வைடு சர்காஸோ ஸீ' நாவலை 1966இல் வெளியிட்டார். மூலக்கதை எங்கே மௌனம் காக்கிறது என்பதைக் கண்டுகொள்வதே இவ்வகைத் தூண்டலின் முதல் வேலை.

ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டைச் சேர்த்து வைப்பது மற்றொரு வழி. இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜான்னி ரோதாரி, 1973இல் வெளியிட்ட 'கற்பனையின் இலக்கணம்' என்னும் நூலில், தொலைவான இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்தால் அவற்றை இணைக்க மனம் தானாகவே கதை தேடும் என்று விளக்கினார். நாயும் அலமாரியும் அவர் தந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அலமாரிக்குள் இருக்கும் நாய், அலமாரியைச் சுமந்து செல்லும் நாய், நாயின் அலமாரி என வேற்றுமை உருபை மாற்ற மாற்றக் காட்சியும் மாறுகிறது. நூல் வெளிவருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1943இல், புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் இத்தகைய இணைப்பை நிகழ்த்தியிருந்தார். சென்னைத் தெருவில் நிற்கும் கடவுள், வரவு செலவுக் கவலையில் உழலும் குடும்பஸ்தர் ஒருவரைச் சந்திக்கிறார் என்ற பொருந்தாமையே கதையின் இயங்குவிசை. வியப்பு மட்டும் இருந்திருந்தால் அது ஒரு துணுக்காக முடிந்திருக்கும்; கடவுளை விருந்தாளியாக ஏற்றுச் சமாளிக்க வேண்டிய பிள்ளையின் வீட்டுக்குள் அது நுழைந்ததால் மனிதக் கதையாக நிலைத்தது.

காரணம் சொல்லப்படாத செயலும் கதையைத் தொடங்கி வைக்கும். பயணம் செல்வதாகச் சொல்லிப் புறப்பட்ட லண்டன்காரர் ஒருவர், அடுத்த தெருவிலேயே அறை எடுத்து இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு ஒருநாள் வீடு திரும்பினார் என்ற பழைய பத்திரிகைச் செய்தியின் நினைவிலிருந்து நத்தானியல் ஹாதார்ன் 1835இல் 'வேக்ஃபீல்டு' கதையை எழுதினார். செய்தித்தாள் தருவது செயலை. எழுத்தாளர் தேடுவது அந்தச் செயலுக்குள் இருந்த மனிதரை. நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரிகளில் முடிந்துவிடும் செய்திகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் இதனால் எழுத்தாளருக்குப் பெருந்துணையாகிறது.

விலக்கு தரும் விடுதலை

சில தூண்டல்கள் எதை எழுத வேண்டும் என்பதை விட எதை எழுதக் கூடாது என்பதை வலியுறுத்துகின்றன. அமெரிக்க நாவலாசிரியரும் எழுத்துப் பயிற்சி ஆசிரியருமான ஜான் கார்ட்னர் தந்த பயிற்சிகளுள் ஒன்று பெரிதும் பேசப்படுவது. போரில் மகனை இழந்த ஒருவர் பார்க்கும் களஞ்சியக் கொட்டகையை வருணிக்க வேண்டும். ஆனால் மகனையோ போரையோ சாவையோ குறிப்பிடக் கூடாது. துயரத்தின் பெயரைச் சொல்லும் வழி அடைபட்டுவிடுவதால், எழுதுபவர் அந்தத் தந்தையின் கண் எங்கே தங்குகிறது, எதைப் பார்க்காமல் விலகுகிறது என்று நுணுக்கமாகக் கவனிக்க நேர்கிறது. தொல்காப்பியம் எச்சம் என்று வகுத்த உறுப்பும் இதையே வேறொரு வழியில் உணர்த்துகிறது.

தமிழ்ப் புலவர் மரபில் ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லும் வழக்கம் இத்தகைய கட்டுப்பாட்டின் கடினமான வடிவம். ஒரே வேளையில் பல வினாக்களை மனத்தில் ஏற்று விடை சொல்லும் அவதானக் கலையிலும் அது ஓர் உறுப்பாக இடம்பெற்றது. 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய நாகர்கோவில் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலரை அம்மரபின் உயரிய எடுத்துக்காட்டாகக் கருதலாம். முடியும் இடம் முன்பே வரையறுக்கப்பட்டால், அங்கே சென்று சேரும் பாதையைக் கண்டுபிடிப்பதில் முழுக் கற்பனையும் குவிகிறது. சிறுகதைக்கும் கடைசி வாக்கியத்தை முதலில் எழுதிவைத்து, அதைச் சொல்லக்கூடிய மனிதர் யார் என்று தேடிச் செல்லும் பயிற்சி இந்த மரபின் இயல்பான தொடர்ச்சியே.

ஒரு தூண்டல் கதையாகும் விதம்

மேற்கூறிய முறைகள் ஒன்று சேர்ந்து எவ்வாறு இயங்கும் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். 'தையற்காரரின் அளவு நோட்டு' என்ற பொருள் தூண்டலாகத் தரப்படுகிறது என்று கொள்க. இவ்வளவில் இது ஒரு தலைப்பு மட்டுமே. கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில், சீருடை தைக்க வந்த சிறுமிக்கு அளவெடுக்கும் முதிய தையற்காரர், நோட்டில் சென்ற ஆண்டு எழுதிய உயரமும் இன்றைய உயரமும் ஒன்றாகவே இருப்பதையும், இடுப்பளவு அரை இஞ்சி குறைந்திருப்பதையும் காண்கிறார் என்று களனையும் காலத்தையும் சேர்த்தால் சூழல் பிறக்கிறது. அளவுக்காகக் கொண்டுவந்த பழைய பாவாடையின் கீழ்விளிம்பில், வளர்ந்தால் பிரித்துக்கொள்ளட்டும் என்று அவரே உள்ளே விட்டுத் தைத்த மடிப்பு பிரிக்கப்படாமலே இருக்கிறது. இதைக் கவனிக்காத தாய், "வளர்ற பிள்ளை அண்ணாச்சி, இந்தத் தடவையும் உள்ளே ரெண்டு இஞ்சி விட்டுத் தைங்க" என்கிறாள்.

தையற்காரருக்கு வேண்டியது, பிள்ளை சரியாகச் சாப்பிடுகிறதா என்று கேட்பது. குறுக்கே நிற்பது, அந்தத் தாய் போன ஆண்டுக் கூலியில் இன்னும் பாக்கி வைத்திருப்பது. இப்போது அவர் எதைக் கேட்டாலும் பணத்தைக் குத்திக் காட்டுவதாகவே அவள் காதில் விழும். இந்த ஒரு தடை வந்து சேர்ந்ததும், பரிவு காட்ட விரும்பும் மனிதரிடமிருந்து பரிவு காட்டும் வாய்ப்பே பறிக்கப்பட்டுவிடுகிறது. அவர் ரெண்டு இஞ்சிக்குப் பதில் நாலு இஞ்சி விடலாம். நோட்டில் பொய்யான ஓர் அளவை எழுதலாம். பாக்கியை அடித்துவிட்டதாகச் சொல்லி அதனாலேயே அவளை அவமானப்படுத்திவிடலாம். ஒவ்வொரு தேர்வும் வேறொரு கதை. இதையே காஜா எடுக்கும் சிறுவனின் பார்வையில் சொன்னால், பெரியவர் ஏன் அன்று மாலை வரை யாரிடமும் பேசவில்லை என்ற புதிராகக் கதை அமையும். தாயின் பார்வையில் சொன்னால், அளவு நாடா மகளின் இடுப்பில் கொஞ்சம் அதிக நேரம் தங்கியது அவளுக்குத் தெரிந்தே இருந்தது என்பது வெளிப்படலாம். பசி, வறுமை என்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்ற விலக்கையும் சேர்த்துக்கொண்டால், மடிப்புத் துணியும் நோட்டு எண்களுமே அவற்றின் வேலையைச் செய்துவிடும்.

தூண்டல்கள் தவறும் இடங்கள்

அன்பு, துரோகம், முதுமை போன்ற பொதுப் பெயர்களைத் தூண்டலாகக் கொடுக்கும்போது, எழுதுபவர் தமக்கு ஏற்கெனவே உள்ள கருத்தை நிறுவ ஆட்களைத் தேடுகிறார்; அந்த ஆட்கள் கருத்துக்கு எதிராக எதுவும் செய்வதில்லை. இதற்கு நேர்மாறாக, கதைமாந்தரின் விருப்ப நிறம், பிடித்த உணவு, பிறந்த நட்சத்திரம் என நீளும் வினாப்பட்டியல்களும் பெரிதாக உதவுவதில்லை. சிறுவயதில் மார்செல் புரூஸ்ட் ஒரு தோழியின் ஆல்பத்தில் விடையெழுதியதால் அவர் பெயராலேயே வழங்கும் கேள்வித்தொகுப்பு எழுத்துப் பட்டறைகளில் புழங்குகிறது; ஆனால் அத்தகைய விடைகள் ஒருவரை அறிமுகம் செய்யுமே தவிர, அவரை இயங்கச் செய்யா. இந்த மனிதர் எதை யாரிடம் சொல்லவே மாட்டார் என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை, நூறு விவரங்களை விடப் பயனுள்ளது. இறுதித் திருப்பத்தையே இலக்காகக் கொண்ட தூண்டல்களிலும் ஓர் ஆபத்து உண்டு. வாசகரிடமிருந்து உண்மையை மறைப்பதற்காக, கதைமாந்தர் தம் இயல்புக்கு மாறாக நடந்துகொள்ள நேரிடும். அத்தகைய கதை ஒருமுறைக்கு மேல் படிக்கத் தகாததாகிவிடும்.

எழுதிப் பார்க்க ஆறு தூண்டல்கள்

1. வாக்குச்சாவடிப் பணியில் இருக்கும் ஆசிரியை, பட்டியலில் இறந்துபோன தன் தோழியின் பெயர் நீக்கப்படாமல் இருப்பதைக் காண்கிறாள். மாலையில் ஒரு பெண் அந்தப் பெயரில் வாக்களிக்க வருகிறாள். அவள் தோழியின் மகள்.

2. தாயின் மறைவுக்குப் பிறகு நகைகளைப் பங்கிடும் இரண்டு சகோதரிகள் ஒரே ஒரு பொருளை மட்டும் மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். இருவருக்கும் அதற்கான காரணம் தெரியும்; இருவரும் அதைச் சொல்வதில்லை.

3. நீதிமன்றத்தில் சாட்சியின் வட்டார வழக்கை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்பவருக்கு, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்பது தெரிகிறது. எதைத் தேர்ந்தாலும் வழக்கின் போக்கு மாறும். அந்த அறையில் வேறு எவருக்கும் அந்தச் சொல் தெரியாது.

4. முதியவர் ஒருவரைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பெண்ணை, அவர் தம் மகளின் பெயரால் அழைக்கத் தொடங்கிவிட்டார். வெளிநாட்டிலிருந்து மகள் வந்து கதவருகே நிற்கிறாள்.

5. கோவலனுக்கும் கண்ணகிக்கும் அடைக்கலம் தந்த மாதரி, நடந்ததைத் தாங்காமல் தீயில் புகுந்து உயிர்விட்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவளுடைய மகள் ஐயை, விருந்தினரையும் தாயையும் ஒருசேர இழந்த வீட்டில் மறுநாள் காலை பால் கறக்க எழுகிறாள்.

6. ஆளில்லாமல் பூட்டப்படப்போகும் வீட்டின் சமையலறையை, அதில் நாற்பது ஆண்டுகள் சமைத்த பெண்ணின் கண்ணால் எழுத வேண்டும். பயணம், பிரிவு, மகன், முதுமை ஆகிய சொற்கள் இடம்பெறக் கூடாது.

இவற்றில் எதை எடுத்தாலும், முதல் அமர்வில் முழுக்கதையும் எழுதி முடிக்க முயலாமல், யார் யாரிடம் பேசுகிறார் என்ற ஒரு பக்கக் காட்சியை மட்டும் எழுதுவது நல்லது. மறுநாள் அதே காட்சியை வேறொருவர் பார்வையில் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டால், எந்தக் குரலில் மறைப்பு அதிகமோ அந்தக் குரலே பெரும்பாலும் கதைக்குரியதாக இருக்கும். எழுதிக்கொண்டே செல்லும்போது, தூண்டலில் சொல்லப்பட்டதற்கு மாறாகக் கதைமாந்தர் நடந்துகொள்ளும் வேளை ஒன்று வரும். அப்போது தூண்டலைக் கைவிட்டுவிட்டு மாந்தரின் பின்னே செல்ல வேண்டும். போட்டிக்காக எழுதுவோர் விதிகளுக்குக் கட்டுப்பட்டிருந்தாலும், தனியே எழுதிப் பழகுவோர் அந்த உரிமையை ஒருபோதும் இழக்கலாகாது.

கதை எழுதும் பயிற்சியை நடை அழகுக்கான பயிற்சியாக மட்டுமே பார்க்கும் வழக்கம் பள்ளிகளிலும் பட்டறைகளிலும் பரவலாக இருக்கிறது. கற்பனை மனிதர் ஒருவரைச் சிக்கலில் நிறுத்தி, அவருடைய இடத்திலிருந்து உலகைப் பார்த்து, தமக்கு உடன்பாடில்லாத ஒரு முடிவையும் அவர் நியாயத்தோடு எடுக்க விடுவது, எழுதுபவரைத் தம் கருத்தின் எல்லைக்கு வெளியே அழைத்துச் செல்கிறது. கதறிய தாயையும் காத்துக்கொண்ட தாயையும் ஒரே எழுத்தாளர் ஒரே அளவு பரிவோடு எழுத முடிந்ததற்கு அந்தப் பயிற்சியே அடிப்படை. ஆகவே பள்ளிகளில் தமிழாசிரியர்கள் தன்வரலாறு எழுதச் சொல்லும்போது, அந்த மரமோ நாணயமோ யாரைப் பார்த்தது, அவருக்கு என்ன வேண்டியிருந்தது, அது ஏன் கிடைக்கவில்லை என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கொடுத்தால், பாடநூலில் ஏற்கெனவே இருக்கும் பயிற்சியே மாணவருக்குக் கதைக்கலையின் முதல் வகுப்பாக அமைந்துவிடும்.